இரண்டு கிழமையில் ஆறாத பால்கட்டு

மார்பகப் புற்றுநோய் என்றால் கட்டி வரும், அதுவும் ஐம்பது வயதுக்குப் பிறகு வரும், ஆகவே இப்போதைக்குப் பயமில்லை. வன்னியில் இளம் பெண்கள் உள்ள வீடுகள் பலவும் இந்த நம்பிக்கையில்தான் இருக்கின்றன. ஒக்டோபர் தோறும் நாடு முழுக்கக் குத்தப்படும் இளஞ்சிவப்பு நாடாக்களாலும் இந்த நம்பிக்கை அசையவில்லை. கட்டியே தெரியாமல் வரும் மார்பகப் புற்றுநோயும் உண்டு. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்களைப் பிடித்து, கிழமைக் கணக்கில் வளரும் வகையும் உண்டு. இரண்டும் அரிது. அரிது என்பதனாலேயே ஊரும் கவனிப்பதில்லை, சில வேளைகளில் வைத்தியரும் கவனிப்பதில்லை.

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். ஆண்டுக்கு ஐயாயிரம் பேரளவில் புதிதாக இனங்காணப்படுகிறார்கள் என்பது தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் சொல்லிவரும் கணக்கு. நாளுக்குப் பதினான்கு, பதினைந்து பேர். அவர்களில் பெரும்பாலோர் ஐம்பதை ஒட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள். நமது விழிப்புணர்வுப் பேச்சு, கிளினிக், துண்டுப்பிரசுரம் எல்லாமே அவர்களை நினைத்துச் செய்தவை. அது பிழையில்லை. இந்தக் கட்டுரை மற்றவர்களைப் பற்றியது.

கட்டி இல்லாமல் வருவது

இருபத்தெட்டு வயதுத் தாய் ஒருத்தியை மனதில் வைத்துக்கொள்வோம். கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியாக இருக்கலாம், இராமநாதபுரமாக இருக்கலாம், இரணைமடுச் சந்திக்குப் பக்கத்து ஒழுங்கையாகவும் இருக்கலாம். பிள்ளைக்கு ஐந்து மாதம். ஒரு பக்க மார்பு சிவந்து, கனத்து, தொட்டால் சுடுகிறது. “பால் கட்டியிருக்குப் பிள்ளை, சுடுதண்ணி ஒத்தடம் குடு” என்கிறார் மாமி. ஒத்தடம் கொடுக்கிறாள். யாரோ சொன்னார்கள் என்று கோவா இலையும் வைத்துக் கட்டுகிறாள். குறையவில்லை. சந்தியில் மருந்தெடுத்தால் அன்ரிபயோட்டிக் கிடைக்கிறது. கொஞ்சம் வாடின மாதிரி இருந்து மறுபடி சிவக்கிறது. இன்னொரு டொக்டர், இன்னொரு அன்ரிபயோட்டிக். இப்படியே இரண்டரை மாதம் போய்விடுகிறது.

இப்படி வரும் தாய்மாரில் மிகப் பெரும்பாலோருக்கு உண்மையில் பால்கட்டுத்தான், மாமி சொன்னது சரிதான். மிகச் சிலருக்கு மட்டும் அது அழற்சி மார்பகப் புற்றுநோய். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரைதான் இந்த வகை. புற்றுநோய்க் கலங்கள் தோலுக்குள் ஓடும் நிணநீர்க் குழாய்களை அடைப்பதால் மார்பு முழுக்க வீங்கிச் சிவக்கிறது. தோல் தடித்து, தோடம்பழத் தோல் போலக் குழி குழியாகத் தெரியும். காம்பு உள்ளே இழுபடலாம். அக்குளில் நெறி கட்டலாம். கையால் தடவிப் பார்த்தால் தனியான கட்டி பெரும்பாலும் அகப்படாது. பால்கட்டு முற்றினால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். இதில் பொதுவாகக் காய்ச்சல் வராது. ஸ்கொட்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் சார்ள்ஸ் பெல் 1814 இலேயே விவரித்த வருத்தம் இது. இரண்டு நூற்றாண்டு கழிந்தும் முதல் பார்வையில் தப்பிவிடுகிறது.

கண்டுபிடிக்கும் அன்றைக்கே இது குறைந்தது மூன்றாம் கட்டம். ஐந்து ஆண்டுகளைத் தாண்டுவோர் அமெரிக்காவிலேயே பத்துக்கு நான்கு பேரளவுதான். சிகிச்சையின் ஒழுங்கும் வேறு. முதலில் மாதக்கணக்கில் மருந்தேற்றி வீக்கத்தை வற்ற வைப்பார்கள், பிறகு மார்பை அகற்றுவார்கள், அதன்பின் கதிர்ச் சிகிச்சை கொடுப்பார்கள். சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் இந்த ஒழுங்கே குழம்பிப் போகும்.

இளம் பெண்களைத் தேடி வரும் மற்ற வகைக்கு வைத்தியர்கள் ட்ரிபிள் நெகட்டிவ் என்று பெயர் சொல்வார்கள். மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் மூன்று வாங்கிகள் உண்டா என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பது வழக்கம். ஈஸ்ட்ரஜனுக்கு ஒன்று, புரோஜெஸ்ட்ரோனுக்கு ஒன்று, ஹெர்-2 என்ற புரதம் ஒன்று. இருந்தால் அவற்றைக் குறிவைக்க மாத்திரையும் ஊசியும் உண்டு. மூன்றும் இல்லை என்றால் அந்த வழி அடைபட்டது, கீமோதான் பிரதான ஆயுதம். மேற்கு நாடுகளில் மார்பகப் புற்றுநோயாளரில் பத்து முதல் பதினைந்து வீதம் பேருக்கு இது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. வேகமாக வளரும். தமக்கைக்கோ தாய்க்கோ இளவயதில் மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்த குடும்பங்களில் கூடுதலாகத் தோன்றும், பி.ஆர்.சி.ஏ-1 என்ற மரபணுப் பழுதுக்கு இதில் பெரிய பங்கு.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. இந்த வகை கீமோவுக்கு நன்றாகக் கரையும். சத்திரசிகிச்சைக்கு முன் மருந்தேற்றி, வெட்டிப் பார்க்கும்போது புற்றுக் கலமே மிச்சமில்லாமல் போனவர்கள் பலர். திரும்பி வரும் ஆபத்து முதல் மூன்று ஆண்டுகளில்தான் அதிகம். ஐந்தாண்டு தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடும். கீமோவுக்குப் பயன்படும் டொக்ஸோரூபிசின், சைக்ளோபொஸ்பமைட், பக்லிடக்செல் எல்லாம் பழைய மருந்துகள், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. 2021 இல் அமெரிக்கா இதற்கு அங்கீகரித்த பெம்ப்ரோலிசுமாப் போன்ற புது ஊசிகளின் விலையை நமது குடும்பம் ஒன்று நினைத்தும் பார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த ஊசி இல்லாததால் தோற்பவர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன், மலிவான மருந்துக்கே பிந்தி வருபவர்களைப் பற்றிப் பேசவேண்டும்.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002 இல் வெளிவந்த பெரிய ஆய்வு, பன்னிரண்டு மாதம் பால் கொடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 4.3 வீதம் குறைகிறது என்று கண்டது. சாதாரண பால்கட்டுக்கும் மருந்து, தொடர்ந்து பால் கொடுப்பதுதான்.

முப்பத்தைந்தில் தொடங்கும் திட்டம்

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 1996 இல் நாட்டில் தொடங்கிய நல்ல ஏற்பாடு. இரத்த அழுத்தம், நீரிழிவு, கருப்பைக் கழுத்து, மார்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்ப்பார்கள், காசில்லை. அது முக்கியமாகக் கூப்பிடுவது 35 வயதினரையும் 45 வயதினரையும். நமது இருபத்தெட்டு வயதுத் தாய்க்கு அழைப்பு வர இன்னும் ஏழு ஆண்டு இருக்கிறது.

அப்படியென்றால் வயதைக் குறைத்துவிடலாம், எல்லா இளம் பெண்களுக்கும் மமோகிராம் எடுத்துவிடலாம் என்று மேடைகளில் கேட்கிறோம். அரசியல்வாதிகளுக்கும் இயந்திரம் வாங்கித் தருவது பிடிக்கும், படம் எடுக்கலாம். ஆனால் இளம் பெண்களின் மார்பகம் அடர்த்தியானது. மமோகிராமில் அடர்ந்த திசுவும் வெள்ளை, புற்றும் வெள்ளை. கிழமைக் கணக்கில் வளரும் புற்று, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் படங்களுக்கு நடுவில் வந்துவிடும்.

கையால் பரிசோதித்தால்? மும்பையில் தாட்டா நினைவு வைத்தியசாலை 1998 இல் தொடங்கி 1,51,538 பெண்களை இருபது ஆண்டு பின்தொடர்ந்தது. சாதாரண படிப்புள்ள பெண்களைப் பயிற்றுவித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பைச் சோதிக்க வைத்தார்கள். 2021 இல் முடிவு வந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் முப்பது வீதமளவு குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே குறையவில்லை. சீனாவில் ஷங்ஹாய் நெசவுத் தொழிற்சாலைகளில் 2,66,064 பெண்களை வைத்து, தாமே தம் மார்பைத் தடவிப் பார்க்கக் கற்பித்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். 2002 இல் வெளிவந்த முடிவு: கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் மரணத்தில் வித்தியாசமில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளையும் நமது விழிப்புணர்வுக் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை. கசப்பானவை. சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகவேண்டாம் என்று இவற்றுக்கு அர்த்தமில்லை. முப்பத்தைந்து வயதில் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், மார்பு மட்டுமா அங்கே பார்க்கிறார்கள்? நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. வருத்தமில்லாத எல்லா இளம் பெண்களையும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பதில் பலன் சிறிது. வருத்தத்தோடு வருகிற ஒருத்தியை எவ்வளவு விரைவாகப் பார்த்து முடிக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. வடக்கின் சுகாதாரப் பணம் போகவேண்டிய இடமும் அதுதான்.

இரணைமடுவில் என்ன நடக்கிறது

போர் முடிந்த 2009 இல் பத்து வயதுப் பிள்ளையாகத் தறப்பாள் கொட்டிலில் இருந்தவள் இன்றைக்கு இருபதுகளின் பின்பாதியில் இருக்கிறாள். கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, பால் கொடுக்கும் வயது. இடம்பெயர்வின் குறைச் சாப்பாடு அவள் உடம்புக்கு என்ன செய்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அவள் உடம்பில் செல்துண்டு இருக்கலாம். வன்னியில் நெஞ்சிலும் தோளிலும் முதுகிலும் துண்டுகளோடு வாழ்பவர்கள் ஏராளம். மார்பில் ஒரு தடிப்பு தட்டுப்பட்டால் “அது பழைய காயம்” என்று சொல்லிவிட ஒரு காரணம் அங்கே தயாராக இருக்கிறது. வைத்தியரும் தழும்பைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடலாம். பழைய காயம் என்றாலும் புதிதாகப் பெருத்தால் அது புது வருத்தம். இன்னொன்றும் சொல்லவேண்டும்: உடம்பில் உலோகத் துண்டு இருப்பதை எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் மறைக்கக் கூடாது. காந்தம் அதை அசைத்துவிட இடமுண்டு. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள்.

அறிவியல் நகர்ப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. நமது நாட்டு ஆடைத் தொழிலில் மாதம் முழுக்க வந்தால் தனியாக ஒரு கொடுப்பனவு தருவது வழக்கம். ஒருநாள் நின்றால் அன்றைய சம்பளத்தோடு அதுவும் போகும். காலை கிளினிக்குக்குப் போய் இலக்கம் எடுத்து, டொக்டர் வந்து, ஸ்கானுக்கு இன்னொரு நாள் தந்து, அறிக்கைக்கு மற்றொரு நாள் என்றால் மூன்று நாள். நுண்கடன் தவணை கட்டும் வீட்டில் மூன்று நாள் சிறிய விஷயமில்லை. வயல் வீட்டில் காலபோக விதைப்பும் வெட்டும் வந்துவிட்டால் தன் உடம்பைப் பற்றி வாய் திறக்கவே ஒரு பெண்ணுக்கு நேரமிராது. கணவன் இல்லாத வீடுகளில் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்பதே முதல் கேள்வி.

கலியாணம் பேசாத பிள்ளை என்றால் இன்னும் மோசம். மார்பில் வருத்தம் என்று வெளியே தெரிந்தால் தனக்கு மட்டுமல்ல, தங்கைக்கும் சம்பந்தம் வராது என்ற பயம். ஆண் டொக்டரிடம் காட்டக் கூச்சம். “ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி வைத்தால் முடிந்தது” என்ற பேச்சு வேறு. திசு எடுக்க ஊசி குத்துவதால் மார்பகப் புற்றுநோய் பரவுவதில்லை. பிந்தி வந்து கத்தி வைத்தவர்கள் இறந்ததைப் பார்த்த ஊர், பழியைக் கத்தியின் மேல் போட்டுவிட்டது.

அறுபது நாளுக்குள்

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் மார்பகப் புற்றுநோய்க்கென உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கி, 2023 இல் மூன்று இலக்குகளை வைத்தது. நோயாளரில் அறுபது வீதத்தினரையாவது முதல் இரண்டு கட்டத்தில் கண்டுபிடிக்கவேண்டும். முதன்முதலாக வைத்தியரிடம் வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் நோய் இதுதான் என்று முடிவாகவேண்டும். எண்பது வீதத்தினராவது சிகிச்சையை முழுதாக முடிக்கவேண்டும். நடுவில் உள்ள இலக்குத்தான் இரணைமடுவுக்கு உடனடியாகப் பொருந்துவது, ஏனென்றால் அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம்.

அறுபது நாள் கையில் இருப்பது போலத்தான் தோன்றும். ஓ.பி.டி.யில் காட்ட ஒருநாள், சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் திகதி கிடைக்க இரண்டு மூன்று கிழமை, ஸ்கானுக்கு ஒரு திகதி, திசு எடுக்க ஒரு திகதி, அறிக்கைக்குக் காத்திருப்பு, வாங்கிச் சோதனைக்கு மேலும் காத்திருப்பு. ஒவ்வொரு அடியிலும் பத்து நாள் தங்கினாலே கணக்கு முடிந்துவிடும். ஓரிடத்திலும் யாரும் பெரிய பிழை விட்டிருக்கமாட்டார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்கள் கூட்டங்கூட்டமாக வெளிநாடு போனதும் இந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டியிருக்கின்றன.

இதில் வெளியே தெரியாத ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். எடுத்த திசுவை ஒரு மணித்தியாலத்துக்குள் போர்மலின் திரவத்தில் போடவேண்டும், ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் மூன்று நாளுக்கு மேற்படாமலும் அதில் ஊறவேண்டும். போத்தல் சிறிதாகி, திரவம் போதாமல், மேசையில் கிடந்து, வெள்ளி மாலை எடுத்தது அடுத்த கிழமைதான் ஆய்வுகூடம் போய்ச் சேர்ந்தால், இருக்கிற வாங்கியும் சோதனையில் இல்லை என்று காட்டக்கூடும். அப்போது ஹோர்மோன் மாத்திரையால் ஆண்டுக்கணக்கில் பயன்பெற வேண்டிய ஒரு பெண்ணுக்கு ட்ரிபிள் நெகட்டிவ் என்ற பெயர் எழுதப்படும். ஆய்வுகூடம் தூரத்தில் உள்ள மாவட்டங்களுக்கு இந்தப் போத்தலும் அது போகும் வாகனமும் ஸ்கான் இயந்திரத்துக்குச் சமமான விஷயங்கள்.

தெல்லிப்பழை போகும் வழி

நோய் உறுதியானால் வடக்கில் போகவேண்டிய இடம் தெல்லிப்பழை. அந்தப் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடத்துக்கு ஒரு கதை உண்டு. 2011 ஜூலையில் தெற்கே தெவிநுவரவிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாளில் நடந்து பணம் சேர்த்தார்கள். நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்ற அந்த நடை வன்னியை ஊடறுத்துத்தான் போனது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாகப் போட்ட காசில் எழுந்த கட்டடம். போருக்குப் பின் நடந்த நல்ல காரியங்களைப் பட்டியலிட்டால் குறுகிய பட்டியல்தான் வரும், அதில் இது இருக்கும். அதற்கு முன் பலருக்குக் கொழும்புப் பக்கத்து மஹரகம வைத்தியசாலைதான் கதி, கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல்.

இன்றைக்கு இரணைமடுவிலிருந்து தெல்லிப்பழை எண்பது கிலோமீற்றரைத் தாண்டும். யாழ்ப்பாணத்தில் பஸ் மாறவேண்டும். காங்கேசன்துறை ரயில் பாதையில் தெல்லிப்பழையும் ஒரு நிலையம்தான், ஆனால் ரயில் நேரமும் கிளினிக் நேரமும் ஒன்றையொன்று பார்த்து வைக்கப்பட்டவை அல்ல. கீமோ என்றால் பெரும்பாலும் மூன்று கிழமைக்கு ஒருமுறை, ஆறு மாதமளவில். வாந்தியோடு பஸ்ஸில் திரும்பி வரவேண்டும் என்றாலும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். குடும்பங்கள் உடைவது கதிர்ச் சிகிச்சையில்தான். கிழமையில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து கிழமை. பால் மறக்கடிக்கப்பட்ட பிள்ளை வீட்டில் அழ, தாய் தினமும் எண்பது போய் எண்பது வருவது எப்படி? சிகிச்சையை இடையில் விட்டவர் என்று கோப்பில் ஒரு வரி எழுதுவார்கள். அந்த வரிக்குள் இவ்வளவும் கிடக்கிறது.

கீமோ ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர்களின் வீட்டார் ஒன்றை மறக்கவே கூடாது. மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து இரண்டு கிழமை வரை இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் விழுந்துகிடக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனால் பனடோல் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது, விடியட்டும் தெல்லிப்பழைக்குப் போகலாம் என்றும் இருக்கக் கூடாது. 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கிளிநொச்சி வைத்தியசாலைக்கே உடனே போகவேண்டும், “கீமோ ஏற்றியிருக்கு” என்ற வார்த்தையை வாசலிலேயே சொல்லவேண்டும். மணித்தியாலக் கணக்கில் உயிர் போகக்கூடிய காய்ச்சல் அது.

இளம் பெண்கள் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்றும் இருக்கிறது. இனிப் பிள்ளை பெறலாமா? கீமோ சூலகத்தைப் பாதிக்கும், சிலருக்கு மாதவிடாய் திரும்பி வராது. மருந்தேற்றும் காலத்தில் மாதம் ஒருமுறை போடும் கொசரெலின் ஊசி சூலகத்தை ஓரளவு காப்பாற்றும் என்று 2015 இல் வெளிவந்த ஆய்வு காட்டியிருக்கிறது. இதைக் கீமோ தொடங்கு முன் கேட்டால்தான் பயன். வைத்தியர் மறந்தாலும் நோயாளி கேட்கலாம், கூட வந்த அக்காவோ அன்ரியோ கேட்கலாம்.

வசதியுள்ளவர்கள் சென்னைக்குப் போகிறார்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தை வடபகுதியில் பலருக்கும் தெரியும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் பன்னிரண்டு கட்டிலோடு தொடங்கியது. 2021 இல் மறைந்த டாக்டர் வி. சாந்தா அதை வளர்த்தெடுத்தவர். முற்றிப்போய் வரும் மார்பகப் புற்றுநோய்க்கு முதலில் மருந்தும் கதிரும் கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு சத்திரசிகிச்சை என்ற முறையை இந்தியாவில் முன்னெடுத்த இடங்களில் அது ஒன்று. பிந்தி வரும் நோயாளிகளை வைத்தே அவர்கள் அதைக் கற்றார்கள். நமது ஆட்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் கடவுச்சீட்டு, விசா, காணி ஈடு என்று இன்னும் இரண்டு மாதம் கழிந்திருக்கும்.

இனிச் செய்யக்கூடியது

முதலில் மிட்வைஃப் அக்காவிடம் தொடங்கலாம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவர் தேடி வருகிறார், உலகத்தில் பல நாடுகளில் இல்லாத வசதி இது. பிறகு இரண்டு, நான்கு, ஆறு, ஒன்பது மாதத்தில் தடுப்பூசிக்குத் தாயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறாள். பிள்ளையை நிறுக்கிறோம், பிள்ளையின் பதிவேட்டில் எழுதுகிறோம். அதே இடத்தில் தாயிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: மார்பில் சிவப்பு, வீக்கம், தடிப்பு ஏதும் இரண்டு கிழமைக்கு மேல் இருக்கிறதா? பிள்ளையின் பதிவேட்டில் தடுப்பூசிப் பக்கத்தில் அதற்கு ஒரு வரி இருந்தால் கேட்க மறக்காது. இதற்கு ஒரு ரப்பர் முத்திரை போதும்.

டொக்டர்மாருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் ஒரே விதி. பால்கட்டுக்கு ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள் சரியான அன்ரிபயோட்டிக். ஆறாவிட்டால் இரண்டாவது அன்ரிபயோட்டிக் எழுதாமல் ஸ்கானுக்கும் திசுப் பரிசோதனைக்கும் அனுப்பவேண்டும், திசு எடுக்கும்போது தோலிலும் ஒரு துணுக்கு எடுக்கவேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு ஸ்கானும் மமோகிராமும் ஊசியும் ஆபத்தில்லை. பால் கொடுப்பதால் இப்போது ஒன்றும் செய்ய முடியாது, பிள்ளை பால் மறக்கட்டும் என்று யாராவது சொன்னால் வேறு டொக்டரிடம் போங்கள்.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியோடு கட்டிய பெண்கள் நலச் சிறப்பு நிலையம் 2024 மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. அங்கே கிழமையில் ஒரு பிற்பகல் மார்பக கிளினிக் நடக்கட்டும். ஒரே நாளில் பெண் வைத்தியர் பார்ப்பது, ஸ்கான், ஊசி மூன்றும் முடியவேண்டும். மூன்று நாள் சம்பள இழப்பு அரை நாளாகக் குறையும். பிற்பகல் என்பதற்குக் காரணம் உண்டு: முல்லைத்தீவிலிருந்தும் பூநகரியிலிருந்தும் காலை பஸ்ஸில் வருகிறவர்கள் இலக்கம் தவறிப்போகாமல் வந்து சேரலாம். அந்த நாளைத் திங்களுக்கும் வியாழனுக்கும் இடையில் வைத்து, எடுத்த மாதிரிகளை மறுநாளே ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போத்தலில் வாரக்கடைசி கழியாது.

ஆடைத் தொழிற்சாலைகள் ஒரு சலுகை தரலாம். மார்பக கிளினிக் துண்டைக் காட்டுகிற பெண்ணுக்கு அந்த மாதக் கொடுப்பனவு வெட்டுப்படாது என்று அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டினால் போதும். இதற்கான செலவு அவர்களின் ஒரு விருதுவிழாச் செலவை எட்டாது.

இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 36 அடி என்றால் வான் பாயும், இன்றைக்கு இத்தனை அடி என்றால் சிறுபோகம் இத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்து முடிவெடுக்கிறோம். திசுப் பரிசோதனை அறிக்கை வர எத்தனை நாள் என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. மாகாண சுகாதாரத் திணைக்களம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளை வெளியிடட்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம் என்று பிரித்து, நாற்பது வயதுக்குக் கீழ், மேல் என்று பிரித்து, முதல் நாளிலிருந்து அறிக்கை வரை சராசரி எத்தனை நாள், அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், சிகிச்சையை முடித்தவர்கள் எத்தனை பேர். பெயர் எதுவும் வேண்டியதில்லை. நாள் எங்கே தேங்குகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தைத் திருத்தலாம்.

கடைசியாகப் புலம்பெயர்ந்த நமது ஊர்ச் சங்கங்களுக்கு. தேருக்கும் வளைவுக்கும் அனுப்பும் காசில் ஒரு பங்கைத் தெல்லிப்பழையில் வைத்தியசாலைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு தங்குமடத்துக்குக் கொடுங்கள். கதிர்ச் சிகிச்சை நடக்கும் கிழமைகளில் வன்னியிலிருந்து வரும் பெண்கள் திங்கள் போய் வெள்ளி திரும்பும்படி இருக்கட்டும். பத்து அறை போதும், நிர்வாகத்தை வைத்தியசாலை நலன்புரிச் சங்கமே பார்க்கலாம். கூட ஒருவர் தங்கவும், கைப்பிள்ளையைக் கூட்டிவரவும் விடவேண்டும்.